நாடா சிக்கினால் இழுக்காதீர்கள்: வி.சி.ஆர். கேள்வி-பதில்

வீட்டு வி.சி.ஆர். (வீடியோ கேசட்டை ஓட்டவும் பதியவும் உதவும் கருவி) பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கருவி கெட்டால் வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம்; நாடாவில் இருக்கும் படம் போனால் போனதுதான். கீழே வரும் ஒவ்வொரு பதிலும் அதை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

கேள்வி: பல வருடங்களாகப் பெட்டியிலேயே கிடந்த வி.சி.ஆரை வெளியே எடுத்திருக்கிறேன். எங்கள் கல்யாணக் கேசட்டை அதில் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: இப்போதே போடாதீர்கள். முதலில் கருவியை அறைக்குள் இரண்டு மணி நேரமாவது சும்மா வையுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வெதுவெதுப்பான இடத்துக்கு வந்த கருவியின் டிரம்மில் (நாடா மேலே படிந்து ஓடும் சுழல் உருளை) ஈரம் படியும். ஈர டிரம்மில் நாடா ஒட்டிக்கொண்டால் சுருண்டு நாசமாகும். ஈரத்தைக் கண்டால் ஓட மறுக்கும் உணரி பல மாடல்களில் உண்டு. ஆனால் பழைய உணரியை முழுதாக நம்ப முடியாது.

அடுத்து, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைப் போடுங்கள். முன்னோக்கி ஓட்டம், ஸ்டாப், பின்னோக்கி ஓட்டம், ஸ்டாப், ப்ளே, ஸ்டாப், எஜெக்ட் என்று இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். கடைசிவரை தடையில்லாமல் சுற்றுகிறதா, பாதியில் திணறுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கேசட் வெளியே வந்ததும் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். மடிப்போ, ஓரத்தில் அலை அலையான சுருக்கமோ இருக்கக் கூடாது. ஓரம் சுருங்கியிருந்தால் நாடா போகும் வழி சரியில்லை, அல்லது நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கருவியில் கல்யாணக் கேசட்டைப் போடவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால், கல்யாணக் கேசட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுற்றைப் பாருங்கள். வெள்ளைப் பொடி இல்லாவிட்டால் கேசட்டைப் போட்டு, உடனே ப்ளேயை அழுத்தாமல் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுவாருங்கள். வருடக்கணக்காக அசையாமல் இருந்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இறுக்கமும் ஒரே மாதிரி இருக்காது. இப்படி ஒருமுறை ஓட்டிவிட்டால் இரண்டும் சீராகும்.

கேள்வி: சத்தம் தெளிவாக வருகிறது. படம் மட்டும் புள்ளிப் புள்ளியாக இரைகிறது. கேசட் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் கேசட் நன்றாகத்தான் இருக்கும். படத்தையும் சத்தத்தையும் படிப்பது வேறு வேறு ஹெட்கள் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் காந்த முனைகள்). சாதாரண ஒலித்தடம் நாடாவின் ஓரத்தில் நீளவாக்கில் இருக்கிறது. அதைப் படிப்பது அசையாத ஒரு ஹெட். படத்தைப் படிப்பவை 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள, சாய்ந்து நிற்கும் டிரம்மில் பதித்த நுண்ணிய ஹெட்கள். ‘பால்’ முறையில் (இந்தியா போன்ற நாடுகளின் டி.வி. முறை) டிரம் விநாடிக்கு 25 சுற்று சுற்றும், என்.டி.எஸ்.சி. முறையில் (அமெரிக்கா போன்ற நாடுகளின் முறை) ஏறக்குறைய 30. இந்த ஹெட்டின் இடுக்கில் நாடாவிலிருந்து உதிர்ந்த துகள் கொஞ்சம் அடைத்துக்கொண்டாலே படம் போய்விடும், சத்தம் ஒன்றும் ஆகாது. நேர்மாறாகப் படம் நன்றாக வந்து சத்தம் அமுங்கிக் கேட்டால், அழுக்கு அந்த அசையாத ஹெட்டில் இருக்கிறது.

ஹெட்டைத் தொடுமுன் டிராக்கிங்கை, அதாவது ஹெட் நாடாவின் தடத்தில் சரியாகப் படிகிறதா என்பதைப் பாருங்கள். இரைச்சல் ஒரு பட்டையாக மேலேயோ கீழேயோ மட்டும் நின்றால் அது டிராக்கிங் கோளாறு. படம் ஓடும்போது டிராக்கிங் பொத்தானை ஒவ்வொரு படியாக அழுத்தி, பட்டை திரையை விட்டு வெளியேறும்வரை நகர்த்துங்கள். ஒரு கருவியில் பதிவான கேசட்டை வேறு கருவியில் ஓட்டும்போது இது சகஜம்தான். பட்டை நகராமல் முழுத்திரையும் இரைந்தால்தான் ஹெட்டைத் துடைக்க வேண்டும்.

துடைப்பதற்கு 99 சதவிகித ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும், குச்சியின் நுனியில் சாமாய்ஸ் என்னும் மென்தோல் ஒட்டிய ஹெட் துடைப்பானும் வேண்டும். காதுக்குப் போடும் பஞ்சுக்குச்சி டிரம்முக்கு ஆகவே ஆகாது. அதன் இழை ஹெட்டில் மாட்டி இழுத்தால் ஹெட் உடைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, கேசட்டை எடுத்துவிட்டு, மேல்மூடியைக் கழற்றுங்கள். மின்சாரம் வந்து சேரும் பகுதியில் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கிருக்கும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

துடைப்பானைச் சொட்டாத அளவுக்கு நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் படிய வையுங்கள். அழுத்தாதீர்கள். துடைப்பான் பிடித்த கை அசையாமல் இருக்க, இன்னொரு கையால் டிரம்மின் மேல்முகத்தைத் தொட்டு மெல்ல இரண்டு பக்கமும் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. டிரம்முக்கு வெளியே மயிரிழை அளவே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட்டின் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) சில்லு, பக்கவாட்டுத் தேய்ப்பைத் தாங்கும், மேல்கீழ்த் தேய்ப்பில் பொடிந்துவிடும். தோலில் பழுப்புக் கறை வருவது நின்றால் போதும். ஒலி ஹெட், அழிப்பு ஹெட், நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டு ஆகியவற்றைப் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். பதினைந்து நிமிடம் காயவிட்டு, மறுபடியும் சாதாரணக் கேசட்டைப் போட்டுப் பாருங்கள். நாடா படும் இடத்தில் விரல் படக் கூடாது, விரல் எண்ணெயில் துகள் இன்னும் வேகமாகப் படியும்.

கடையில் விற்கும் உலர்வகை ஹெட் க்ளீனர் கேசட் ஹெட்டை உரசித் தேய்ப்பது. அட்டையில் போட்டிருக்கும் விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள். அடிக்கடி போட்டால் ஹெட் தேய்ந்துபோகும்.

கேள்வி: படம் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நின்றது. எஜெக்ட் அழுத்தினால் கேசட் பாதி வந்து, நாடா உள்ளே சிக்கியிருக்கிறது. இழுத்துவிடலாமா?

பதில்: இழுக்காதீர்கள். எஜெக்ட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தவும் வேண்டாம். இழுத்தால் நாடா நீண்டுபோகும். நீண்ட இடத்தில் படம் திரும்பவே வராது.

நடந்தது இதுதான். கேப்ஸ்டன் தண்டும் பிஞ்ச் ரோலரும் சேர்ந்து நாடாவைச் சீரான வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தள்ளிய நாடாவைச் சுற்றிக்கொள்ள வேண்டியது வலதுபக்கச் சக்கரம். அது சுற்றாமல் நின்றதால் நாடா கருவிக்குள் குவிந்துவிட்டது. சக்கரம் சுற்றவில்லை என்பதை உணரி கண்டுபிடித்துச் சில விநாடிகளில் கருவி தன்னை நிறுத்திக்கொண்டாலும், அதற்குள் சேர்ந்த நாடா வெளியே தொங்கிவிடும். கேசட் மேலேறும்போது அந்தத் தொங்கல்தான் மாட்டிக்கொள்கிறது.

பிளக்கைப் பிடுங்கி மேல்மூடியைத் திறங்கள். நாடா எந்த உருளையில் சுற்றியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, அதை ஒவ்வோர் உருளையிலிருந்தும் ஓரத்தைப் பிடித்து விடுவியுங்கள். நாடாவை டிரம்மோடு பிடித்திருக்கும் இரண்டு கம்பங்கள் இன்னும் திரும்பாமல் இருந்தால், அவற்றை நகர்த்தும் சின்ன மோட்டாரின் அச்சை விரலால் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவரலாம். அவசரமில்லாமல் சுற்றுங்கள். நிறையச் சுற்று தேவைப்படும். கேசட் வெளியே வந்ததும், அதன் அடிப்பக்கம் நடுவில் உள்ள சின்னத் துளையில் பென்சில் நுனியை விட்டால் பிரேக் விடுபடும். அப்படியே வலதுபக்கச் சக்கரத்தைச் சுற்றித் தொங்கல் நாடாவை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். நாடா முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

சக்கரம் நின்றதற்குக் காரணம் அநேகமாக ரப்பர்தான். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஐட்லரின் ரப்பர் வளையம் வயதாகிக் கெட்டியாகிப் பளபளத்துவிடும், பெல்ட் உள்ள மாடல்களில் பெல்ட் தொய்ந்துவிடும். ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் சில நாள் ஓடும். அந்தச் சில நாளை நம்பி நல்ல கேசட்டைப் போடாதீர்கள், ரப்பரை மாற்றுவதுதான் வைத்தியம். மாடல் எண்ணைச் சொல்லி, உள்விட்டமும் தடிமனும் அளந்து வாங்குங்கள்.

கேள்வி: நாடா அறுந்தே போய்விட்டது. செலோடேப் போட்டு ஒட்டினால் ஓடுமா?

பதில்: செலோடேப் வேண்டாம். அதன் பசை ஓரத்தில் கசிந்து டிரம்மில் ஒட்டும், ஹெட்டையும் பெயர்த்துவிடும். காந்த நாடா ஒட்டுவதற்கென்றே இருக்கும் மெல்லிய ஒட்டுநாடாதான் வேண்டும்.

கேசட்டைக் கவிழ்த்து அடியில் உள்ள ஐந்து ஸ்குரூக்களைக் கழற்றி, திரும்ப நிமிர்த்தி வைத்து மேலோட்டைத் தூக்குங்கள். நாடா எந்த உருளைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று உடனே போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. கசங்கிய துண்டை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் நேராக வெட்டி, மேலே ஏறாமல் இடைவெளியும் விடாமல் முட்ட வையுங்கள். ஒட்டு நாடாவின் முதுகில் வர வேண்டும். முன்மூடியைத் தூக்கினால் வெளியே நம்மைப் பார்க்கும் பக்கம் ஹெட்டில் படும் பக்கம், கேசட்டின் உள்ளே பார்ப்பது முதுகு. 12.7 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளியே ஒட்டு துளியும் நீட்டக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் அந்த ஒட்டு ஹெட் மேல் ஓடுவது ஆபத்துதான். ஒட்டுக்கு முன்வரை ஓட்டி நிறுத்தி, அதைக் கையால் சுற்றித் தாண்டவைத்து, மீதியை ஓட்டுங்கள். அப்போதே நகல் எடுத்துவிடுங்கள். மூலக் கேசட்டை அதற்குப் பிறகு போடாதீர்கள்.

அறுந்தது நடுவில் இல்லாமல், ஆரம்பத்திலோ கடைசியிலோ சக்கரத்திலிருந்து கழன்றிருந்தால் கவலையே இல்லை. அங்கே ஒரு நிறமில்லாத துண்டு இருக்கும். அதைச் சக்கரத்தின் க்ளிப்பில் திரும்பச் செருகினால் போதும். அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். கருவியின் நடுவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்கின் ஒளி அந்தத் துண்டின் வழியே ஊடுருவும்போதுதான் நாடா முடிந்தது என்று கருவிக்குத் தெரிகிறது. மேல்மூடியைக் கழற்றிப் பளிச்சென்ற விளக்கின் கீழ் ஓட்டினால் வி.சி.ஆர். தாறுமாறாக நின்றுபோவதும் இதனால்தான், வெளி வெளிச்சத்தை அது நாடா முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. சோதிக்கும்போது மேலே ஓர் அட்டையை மூடி வையுங்கள்.

கேள்வி: ரெக்கார்ட் அழுத்தினால் கேசட் வெளியே வந்துவிடுகிறது. ஏன்?

பதில்: லேபிள் ஒட்டும் முதுகுப் பக்கத்தின் ஓரத்தில் உள்ள தாவல் என்னும் சிறு பிளாஸ்டிக் தகடு உடைக்கப்பட்டிருக்கிறது. தவறுதலாக மேலே பதிவாகாமல் இருக்க யாரோ செய்த காரியம். துளையை ஒட்டுத்தாளால் மூடினால் பதிவாகும். ஆனால் மூடுமுன் அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தாவலை உடைத்தவருக்குக் காரணம் இருந்திருக்கும்.

கேள்வி: டைமர் வைத்தேன். நேரத்துக்குப் பதிவும் ஆனது. ஆனால் வெறும் கறுப்புத் திரை.

பதில்: வி.சி.ஆர். பதிவு செய்வது உங்கள் டி.வி.யில் ஓடுவதை அல்ல. தன் சொந்த ட்யூனரில் (ஒளிபரப்பைப் பிடிக்கும் பகுதி) வருவதை, அல்லது ஏ.வி. நுழைவில் வருவதை. பெரும்பாலான நாடுகளில் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டதால் அந்த ட்யூனருக்கு இப்போது வேலையில்லை. செட்-டாப் பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை வி.சி.ஆரின் உள்நுழைவில் சொருகி, டைமரில் சேனல் எண்ணுக்குப் பதிலாக அந்த ஏ.வி. நுழைவைத் தேர்ந்தெடுங்கள். மாடலைப் பொறுத்து எல்1 என்றோ ஏ.வி.1 என்றோ காட்டும். செட்-டாப் பெட்டி அந்த நேரத்தில் ஆன் ஆகி, அந்தச் சேனலிலேயே நிற்க வேண்டும். வி.சி.ஆரால் அதைத் திருப்ப முடியாது.

பதிவே ஆகாமல் போவதற்கு வேறு காரணங்கள் உண்டு. இடையில் மின்சாரம் போய்க் கடிகாரம் அழிந்திருக்கும், காலை-மாலை மாறியிருக்கும், டைமரை வைத்த பிறகு காத்திருப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் விட்டிருப்பீர்கள். பல மாடல்கள் கருவி ஆனில் இருந்தால் டைமரைக் கண்டுகொள்ளாது. தொடக்கத்தை இரண்டு நிமிடம் முன்னதாகவும் முடிவை ஐந்து நிமிடம் பின்னதாகவும் வையுங்கள்.

கேள்வி: இ-180, டி-120 என்று இரண்டு வகைக் கேசட் இருக்கின்றன. எது எவ்வளவு நேரம் ஓடும்?

பதில்: எண் நிமிடத்தைக் குறிக்கிறது, எழுத்து எந்த ஒளிபரப்பு முறைக்கான கணக்கு என்பதை: இ என்றால் ‘பால்’, டி என்றால் என்.டி.எஸ்.சி. ‘பால்’ கருவியில் எஸ்பி என்னும் வழக்கமான வேகத்தில் நாடா விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர் நகரும், என்.டி.எஸ்.சி.யில் 33.35. அதனால் டி-120 கேசட்டை ‘பால்’ கருவியில் போட்டால் ஏறக்குறைய 170 நிமிடம் கிடைக்கும். இ-180 கேசட் என்.டி.எஸ்.சி. கருவியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். கேசட் ஒன்றேதான், அதில் பதிவானதுதான் முறைக்கு முறை வேறுபடும்.

எல்பி என்னும் மெதுவான வேகம் நேரத்தை இரட்டிப்பாக்கும். என்.டி.எஸ்.சி. கருவிகளில் உள்ள, அதைவிட மெதுவான இபி வேகம் மூன்று மடங்காக்கும். அதற்கு விலையாகத் தடம் குறுகி, படத்தில் இரைச்சல் கூடும். ஓரத்து ஒலித்தடமும் மெதுவாக நகர்வதால் சத்தத்தின் கூர்மை குறையும். மேலும், எல்பியில் பதிவானதை வேறு கருவியில் ஓட்டினால் டிராக்கிங் பிடிப்பது கடினம். வைத்துக்கொள்ள நினைக்கும் எதையும் எஸ்பியிலேயே பதியுங்கள். நான்கு மணி நேர இ-240-இல் நாடா இன்னும் மெல்லியது, சீக்கிரம் மடியும். இ-180 போதும்.

கேள்வி: புது டி.வி.யில் இணைத்தால் படம் விட்டுவிட்டு வருகிறது. நடுநடுவே ‘சிக்னல் இல்லை’ என்கிறது. சில கேசட்டுகள் கறுப்பு-வெள்ளையாகவும் தெரிகின்றன.

பதில்: இரண்டும் வேறு வேறு விஷயம். நாடாவிலிருந்து வரும் படத்தின் ஒவ்வொரு கோட்டின் நேரமும் மிக நுட்பமாக முன்பின் ஆடும். பழைய குழாய் டி.வி. அந்த ஆட்டத்தோடு கூடவே போகும். டிஜிட்டல் டி.வி. பொறுக்காமல் சிக்னலையே கைவிட்டுவிடும். வி.சி.ஆருக்கும் டி.வி.க்கும் நடுவில் ஒரு டைம் பேஸ் கரெக்டரை வைத்தால் நேரம் சீராகும். அது கிடைக்காவிட்டால், சில டி.வி.டி. ரெக்கார்டர்களின் உள்நுழைவில் கொடுத்து அதன் வெளியீட்டை டி.வி.க்கு எடுத்தாலும் பெரும்பாலான ஆட்டம் அடங்கும். எச்.டி.எம்.ஐ. மாற்றிப் பெட்டி வாங்கினால், ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவதுதானா என்று பார்த்து வாங்குங்கள். எதிர்த்திசைக்கான பெட்டியும் பார்க்க அதே மாதிரி இருக்கும். சில டி.வி.களில் மஞ்சள் துளை தனியாக இராது. பச்சைத் துளையிலேயே மஞ்சள் வயரைச் சொருக வேண்டும்.

நிறம் போவது முறை பொருந்தாததால். பின்பக்க ஸ்விட்சிலோ மெனுவிலோ நிற முறையை ஆட்டோவில் வையுங்கள். ‘பால்’ முறைக்கு மட்டுமான கருவியில் என்.டி.எஸ்.சி. கேசட் சரியாக ஓடாது. இரண்டையும் ஓட்டும் கருவிதான் தேவை.

கேள்வி: கம்ப்யூட்டரில் நகல் எடுக்கும்போது படத்தின் அடியில் ஒரு கோணல் கோடு தெரிகிறது. கடையில் வாங்கிய ஒரு கேசட் மட்டும் மங்கியும் பிரகாசித்தும் மாறி மாறி வருகிறது. பழுதா?

பதில்: இரண்டுமே பழுதில்லை. டிரம்மில் ஒரு ஹெட் விட்டு அடுத்த ஹெட் தொடரும் இடம்தான் அந்தக் கோடு. எல்லா வி.எச்.எஸ். (வீட்டு வி.சி.ஆரின் வழக்கமான கேசட் வகை) பதிவிலும் இருக்கிறது, குழாய் டி.வி.யின் சட்டம் அதை மறைத்திருந்தது. நகலில் அடியில் சில வரிகளைக் கறுப்பாக மூடிவிடுங்கள். மங்கிப் பிரகாசிப்பது நகல் தடுப்புக்காக வைத்த மேக்ரோவிஷன் குறிகளால். அது திரைப்பட நிறுவனங்கள் வெளியிட்ட கேசட்டுகளில் இருக்கும், வீட்டில் எடுத்தவற்றில் இராது.

நகலை ‘பால்’ என்றால் 720×576, விநாடிக்கு 25 சட்டகம் என்றும், என்.டி.எஸ்.சி. என்றால் 720×480, 29.97 சட்டகம் என்றும் எடுங்கள். சத்தத்தில் கரகர என்று உறுமல் வந்தால் ஹைஃபை ஒலியை விட்டுச் சாதாரண ஒலிக்கு மாற்றிப் பாருங்கள். ஹைஃபை ஒலியும் சுழலும் டிரம்மில்தான் படிக்கப்படுகிறது, டிராக்கிங் சற்று விலகினாலே அது உறுமும்.

கேள்வி: நாடாச் சுற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துடைத்துவிட்டுப் போடலாமா?

பதில்: பூஞ்சை அது. போடாதீர்கள். ஒரு தடவை ஓட்டினால் ஹெட் அடைக்கும், அதோடு அடுத்து அந்தக் கருவியில் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். மற்றவற்றிலிருந்து பிரித்து, உறையில் போட்டு மூடி, நாடா சுத்தம் செய்யும் தனி இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டுகளை முழுதாக ஒரு பக்கம் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில், ஒலிபெருக்கிக் காந்தத்துக்கு எட்டத்தில் வையுங்கள்.

கேள்வி: புது வி.சி.ஆர். இன்னும் வருகிறதா? பழையதை வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்தியது, கடைசிவரை தயாரித்தது அதுதான். ஆகவே பழையதுதான். ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள். கேசட்டின் கடைசிப் பகுதியில், வலதுபக்கச் சக்கரம் கனத்திருக்கும்போது, பத்து நிமிடம் ப்ளேயில் விட்டுப் பாருங்கள். தளர்ந்த ரப்பர் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ரெக்கார்ட் செய்து திரும்ப ஓட்டியும் பாருங்கள். ப்ளே நன்றாகவும் பதிவு மோசமாகவும் இருக்கும் கருவிகள் நிறைய.

கேள்வி: கேம்கார்டரின் சின்னக் கேசட்டுகளை வி.சி.ஆரில் ஓட்ட அடாப்டர் உண்டா?

பதில்: வி.எச்.எஸ்-சி கேசட் (அதே வி.எச்.எஸ். நாடா சின்ன உறையில் இருப்பது) என்றால் உண்டு. பெரும்பாலானவை மோட்டார் வைத்தவை, ஒரு டபுள்-ஏ பேட்டரி போட வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் நாடா உள்ளேயே தொங்கிவிடும், புதிதாகப் போடுங்கள். 8 மில்லிமீட்டர் கேசட்டுக்கு அடாப்டர் கிடையாது. நாடாவின் அகலமே வேறு. அதற்கு அதே வகைக் கேம்கார்டரோ 8 மில்லிமீட்டர் பிளேயரோதான் வேண்டும். இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.